இசைக்காகக் காட்சிகள் வெட்டப்பட்ட படம்: 'கோஸ்டல் கமாண்ட்' ஆவணப்படமும் வோன் வில்லியம்ஸின் இசையும்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் கடல் வழிகளைக் காத்த விமானப் பிரிவைப் பற்றி 1942-ஆம் ஆண்டு வெளியான ஆவணப்படம் 'கோஸ்டல் கமாண்ட்'. போர்க்காலப் பிரசாரத்துக்காக அரசு தயாரித்த இந்தப் படம் இன்று திரைப்பட வரலாற்று ஆர்வலர்களுக்கு மட்டுமே அறிமுகமானது. ஆனால், அதற்காக எழுதப்பட்ட இசை 80 ஆண்டுகளைக் கடந்தும் ஒலிப்பதிவுகளில் வாழ்ந்து வருகிறது. அதை எழுதியவர் 20-ஆம் நூற்றாண்டின் முன்னணி ஆங்கிலேய இசையமைப்பாளர்களில் ஒருவரான ரேஃப் வோன் வில்லியம்ஸ்.

வழக்கமாக, திரைப்படத்தின் நீளத்துக்கேற்ப இசை சுருக்கப்படும் அல்லது நீட்டப்படும். இந்தப் படத்தில் சில இடங்களில் அதற்கு நேர்மாறாக நடந்தது. இசை மாறாமல் நிற்க, காட்சிகள் மாற்றியமைக்கப்பட்டன.

கடலோரப் பிரிவு

பிரிட்டன் விமானப்படையின் கடலோரப் பிரிவான கோஸ்டல் கமாண்ட் 1936-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டது. உணவு, எரிபொருள், மூலப்பொருள் என அனைத்துக்கும் கடல் வழி இறக்குமதியையே நம்பியிருந்த தீவு நாடு பிரிட்டன். அட்லாண்டிக் பெருங்கடலில் சரக்குக் கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கத் தொடங்கியபோது, இந்தப் பிரிவின் பணி நாட்டின் உயிர்நாடியைக் காக்கும் பணியாக மாறியது. 1941-ஆம் ஆண்டு முதல் இதன் போர் நடவடிக்கைகள் கடற்படைத் தலைமையகத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவரப்பட்டன.

இருப்பினும், போர் விமானிகளுக்குக் கிடைத்த புகழ் இந்தப் பிரிவினருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர்களது வேலையின் தன்மை. நான்கு என்ஜின்கள் கொண்ட சண்டர்லாண்ட் என்னும் 'பறக்கும் படகு' நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கக்கூடியது. ஒருமுறை கிளம்பினால் சுமார் 13 மணி நேரம் வானில் இருக்கும். இரண்டு என்ஜின்கள் கொண்ட கேட்டலினா அதைவிடவும் நீண்ட நேரம் பறக்கும். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் எதுவும் நடக்காது. கீழே கடல், மேலே மேகம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறுமை. பல மாதங்கள் ரோந்து சென்றும் ஒரு நீர்மூழ்கியைக்கூடப் பார்க்காத விமானக் குழுக்கள் உண்டு.

ஆனால், அந்த வெறுமையே அவர்களின் வெற்றியாகவும் இருந்தது. விமானம் தலைக்கு மேல் சுற்றும்வரை நீர்மூழ்கி நீரின் மேற்பரப்புக்கு வரத் தயங்கும். நீருக்கடியில் அதன் வேகம் குறைந்துவிடும். அதற்குள் கப்பல்கள் தப்பிச் சென்றுவிடும். இத்தகைய காத்திருப்பைத் திரையில் காட்டுவதே படக்குழுவுக்கு இருந்த சவால்.

நடிகர்கள் இல்லாத படம்

பிரிட்டன் தகவல் அமைச்சகத்தின் கீழ் இயங்கிய 'கிரவுன் ஃபிலிம் யூனிட்' இந்தப் படத்தைத் தயாரித்தது. அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவாக இருந்து போர்க்காலத்தில் பெயர் மாற்றப்பட்ட நிறுவனம் இது. தயாரிப்பாளர் இயன் டால்ரிம்பிள், இயக்குநர் ஜே.பி.ஹோம்ஸ்.

படத்தில் தொழில்முறை நடிகர்கள் எவரும் இல்லை. விமானப்படையினரும் கடற்படையினரும் தங்கள் அன்றாடப் பணியைத் தாங்களே கேமரா முன் செய்து காட்டினர். நடந்த நிகழ்வுகளை அவற்றில் ஈடுபட்டவர்களைக் கொண்டே மீண்டும் நிகழ்த்திப் படமாக்குவது அன்றைய பிரிட்டிஷ் ஆவணப்படங்களில் ஏற்கப்பட்ட முறை. சண்டர்லாண்ட் விமானம் ஒன்றின் குழுவினரை மையமாக வைத்து, சரக்குக் கப்பல் அணிக்குப் பாதுகாப்பு அளிப்பது, நீர்மூழ்கியைத் தாக்குவது, ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தேடிச் செல்வது என ஏறத்தாழ 73 நிமிடங்களுக்குப் படம் நகர்கிறது. கேட்டலினா, ஹட்சன், போஃபர்ட் ஆகிய விமானங்களும் இதில் இடம்பெறுகின்றன.

69 வயதில் திரையிசை

1872-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி பிறந்த வோன் வில்லியம்ஸ், இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாடல்களை ஊர் ஊராகச் சென்று சேகரித்தவர், சிம்பொனிகளுக்காகப் புகழ்பெற்றவர். முதல் உலகப் போர் தொடங்கியபோது 40 வயதைக் கடந்திருந்தும் ராணுவ மருத்துவப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, காயமடைந்தவர்களைச் சுமந்து செல்லும் பணியில் ஈடுபட்டார். பின்னர் பீரங்கிப் படையில் அதிகாரியானார்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அவரால் படையில் சேர இயலவில்லை. தாம் வாழ்ந்த டார்க்கிங் நகரில் போர்த் தேவைக்காகப் பழைய உலோகப் பொருள்களைச் சேகரிப்பது, ஜெர்மனியிலிருந்து வந்த அகதிகளுக்கு உதவுவது போன்ற பணிகளைச் செய்துவந்தார். இந்நிலையில் பிரிட்டிஷ் திரையுலகின் முக்கிய இசை இயக்குநரான மியூர் மேத்திசன் அவரை அணுகினார். அதன் விளைவாக, மைக்கேல் பவல் இயக்கி 1941-இல் வெளியான '49-த் பேரலல்' படத்துக்கு அவர் இசையமைத்தார். அதுவே அவரது முதல் திரையிசை. இரண்டாவது 'கோஸ்டல் கமாண்ட்'. இசையை எழுதியபோது அவருக்கு வயது 69. படம் வெளியான ஆண்டில் 70-ஐ எட்டினார்.

பிரிட்டன் விமானப்படையின் இசைக்குழு இந்த இசையை வாசித்தது. போருக்கு முன் லண்டனின் முன்னணி இசைக்குழுக்களில் பணியாற்றிப் பின்னர் படையில் சேர்ந்த கலைஞர்கள் பலர் விமானப்படையின் இசைப் பிரிவில் இருந்தனர். மேத்திசன் இசையை நடத்தினார். இவ்வாறு, படத்தில் தோன்றியவர்களைப் போலவே அதற்கு இசை வாசித்தவர்களும் விமானப்படையினராகவே அமைந்தனர்.

கத்தரி யார் பக்கம்?

அந்தக் காலத்தில் திரையிசை பதிவு செய்யப்பட்ட முறையை அறிந்தால், இந்தப் படத்தில் நடந்ததன் முக்கியத்துவம் புரியும். படத்தொகுப்பு முடிந்த பின்னர் ஒவ்வொரு காட்சியின் நீளமும் நிமிட, விநாடிக் கணக்கில் இசையமைப்பாளருக்குத் தரப்படும். அவர் அந்த அளவுக்குள் இசையை எழுதுவார். ஒலிப்பதிவுக் கூடத்தில் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே நடத்துநர் இசைக்குழுவை நடத்துவார். பேச்சு, என்ஜின் ஓசை, இசை ஆகியவை தனித்தனியே பதிவாகி, இறுதியில் ஒரே ஒலித்தடத்தில் கலக்கப்படும்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. இசை 7 விநாடி கூடுதலாக நீண்டால், 168 சட்டகங்கள் அளவுக்குக் காட்சி பற்றாக்குறையாகிவிடும். அத்தகைய நேரத்தில் இசையிலிருந்து சில சுரவரிசைகளை நீக்கிவிடுவதே எளிய வழி. பெரும்பாலான படங்களில் அதுவே நடக்கும்.

'கோஸ்டல் கமாண்ட்' இசைப்பதிவைக் கேட்ட கிரவுன் ஃபிலிம் யூனிட் குழுவினர் வேறு முடிவை எடுத்தனர். அந்த நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் கென் கேமரன் இதைப் பின்னர் எழுத்தில் பதிவு செய்துள்ளார். அதுவரை தங்கள் படங்களுக்குக் கிடைத்த எந்த இசையையும்விட இது உயர்ந்தது என்று குழுவினர் உணர்ந்ததாகவும், இசையும் காட்சியும் நீளத்தில் பொருந்தாத ஒருசில இடங்களில் காட்சியே வெட்டுக்கு உள்ளானதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

இதற்கு இசையின் தரம் மட்டும் காரணமல்ல. அது எழுதப்பட்ட விதமும் காரணம். திரைப்படத்துக்கு இசையமைக்க இரண்டு வழிகள் உண்டு என்று வோன் வில்லியம்ஸ் போர்க் காலத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில் விளக்கினார். கதவு மூடுவது, ஒருவர் திரும்பிப் பார்ப்பது என ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் ஒலியைப் பொருத்துவது ஒரு வழி. அந்த விவரங்களைப் பொருட்படுத்தாமல், முழுச் சூழலின் உணர்வையும் தொடர்ச்சியான இசையாக எழுதுவது மற்றொரு வழி. அவர் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. எழுத்தாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் ஆகியோர் தொடக்கம் முதலே இணைந்து பணியாற்ற வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

காட்சியின் அசைவுகளோடு பிணைக்கப்பட்ட இசை, காட்சி இல்லாவிட்டால் பொருளற்றுப் போகும். காட்சியின் உணர்வை எழுதிய இசைக்கு அந்தச் சார்பு இல்லை. அதற்கென ஒரு தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இருக்கும். அதன் நடுவில் ஒரு பகுதியை நீக்கினால், இசை வாக்கியம் முறிந்துவிடும். காட்சியில் சில விநாடிகளைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த அளவுக்குச் சேதம் விளைவிப்பதில்லை.

ஏழு பகுதிகள்

படத்தின் இசையிலிருந்து மேத்திசன் இசை அரங்குகளுக்காக ஏழு பகுதிகள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார். பிரெல்யூட் எனப்படும் தொடக்க இசை, ஹெப்ரிடீஸ், நீர்மூழ்கி எச்சரிக்கை, இரவுப் புறப்பாடு, ஐஸ்லாந்திலிருந்து கிளம்பும் ஹட்சன்கள், போஃபர்ட்களின் போர், விடியல் ரோந்து ஆகியவை அதில் இடம்பெறுகின்றன.

இவற்றில் தாக்குதலைக் குறிக்கும் பகுதிகள் வேகமும் பதற்றமும் நிறைந்தவை. ஆனால், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைக் குறிக்கும் 'ஹெப்ரிடீஸ்' அமைதியானது. மூடுபனியும் கடலும் அதில் புலப்படுகின்றன. 'விடியல் ரோந்து' பகுதிக்கு 'அமைதியான உறுதி' என்ற பொருள்படும் துணைத் தலைப்பு உண்டு. மீண்டும் ஒரு நாள் வேலைக்குக் கிளம்புபவர்களின் நிதானத்தை அது உணர்த்துகிறது. கேமராவால் காட்ட இயலாத நீண்ட காத்திருப்பை இசை ஏற்றுக்கொண்டது இத்தகைய இடங்களில்தான்.

படம் சொல்லாதவை

பிரசாரப் படம் என்பதால் 'கோஸ்டல் கமாண்ட்' நம்பிக்கையையே முன்வைத்தது. உண்மை நிலவரம் அதைவிடக் கடுமையானது. 1942-ஆம் ஆண்டில் மட்டும் நேச நாடுகளின் 1,000-க்கும் மேற்பட்ட கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அட்லாண்டிக்கின் நடுப்பகுதியில் கரையிலிருந்து கிளம்பும் விமானங்கள் எட்ட முடியாத பெரும் இடைவெளி இருந்தது. நீண்ட தூரம் பறக்கும் விமானங்களும் மேம்பட்ட ரேடார்களும் போதிய அளவில் கிடைத்த பின்னர், 1943-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் நிலைமை திரும்பியது. போர் முடிவதற்குள் கோஸ்டல் கமாண்ட் பிரிவில் 5,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

செங்குன்றமும் கொக்கலையும்

கோஸ்டல் கமாண்டில் பணியாற்றிய சில படைப்பிரிவுகள் தமிழர் வாழும் நிலப்பரப்புகளுக்கு அருகிலும் இயங்கின. வட அயர்லாந்தைத் தளமாகக் கொண்டு அட்லாண்டிக்கில் ரோந்து சென்ற 240-ஆவது படைப்பிரிவு 1942-இல் இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. அதன் கேட்டலினா விமானங்கள் சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியிலிருந்து இயங்கின.

ஸ்காட்லாந்தில் இருந்த கனடாவின் 413-ஆவது படைப்பிரிவு இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலைக்கு அனுப்பப்பட்டது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, அந்தப் படைப்பிரிவின் லெனார்ட் பிர்ச்சால் ஓட்டிச் சென்ற கேட்டலினா, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்து எச்சரிக்கை அனுப்பியது. உடனே அந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிர்ச்சாலும் உயிர் பிழைத்த சக வீரர்களும் சிறைபிடிக்கப்பட்டனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது, நகரின் பாதுகாப்புப் படையினருக்கு முன்னறிவிப்பு கிடைத்திருந்தது. மணிக்கணக்கில் வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதன் மதிப்பை இந்த ஒரு ரோந்து உணர்த்தும்.

பின்னர் வந்தவை

விமானப் போர் தொடர்பான வேறு சில படங்களுக்கும் அக்காலத்தில் தேர்ந்த இசையமைப்பாளர்கள் பணியாற்றினர். ஸ்பிட்ஃபயர் விமானத்தை வடிவமைத்த ஆர்.ஜே.மிட்செல் குறித்து 1942-இல் வெளியான 'தி ஃபர்ஸ்ட் ஆஃப் தி ஃபியூ' என்னும் கதைப்படத்துக்கு வில்லியம் வால்டன் இசையமைத்தார். வில்லியம் வைலர் இயக்கிய 'தி மெம்ஃபிஸ் பெல்' என்னும் 1944-ஆம் ஆண்டு அமெரிக்க ஆவணப்படத்துக்கு கெயில் கூபிக் இசையமைத்தார்.

வோன் வில்லியம்ஸ் தொடர்ந்து திரைப்படங்களுக்கு எழுதினார். 1948-ஆம் ஆண்டின் 'ஸ்காட் ஆஃப் தி அண்டார்க்டிக்' படத்துக்காக அவர் எழுதிய இசை, 1953-இல் அரங்கேறிய அவரது ஏழாவது சிம்பொனிக்கு அடித்தளமானது. 1958-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி அவர் காலமானார்.

சண்டர்லாண்ட் விமானங்கள் 1959-இல் பிரிட்டன் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றன. கோஸ்டல் கமாண்ட் பிரிவு 1969-இல் கலைக்கப்பட்டது. இசைத் தொகுப்பை பிபிசி ஃபில்ஹார்மோனிக் உள்ளிட்ட இசைக்குழுக்கள் பிற்காலத்தில் புதிதாகப் பதிவு செய்துள்ளன. படத்தைப் பார்க்காதவர்களும் அதைத் தனியாகக் கேட்க முடிகிறது.