பாடசாலைச் சபையும் குடிமக்களின் வினாவுரிமையும்

தம் பிள்ளைகள் கற்கும் பாடசாலையை நிருவகிப்போரைப் பொதுக் கூட்டத்தில் எழுந்து வினாவும் உரிமை குடிமக்களுக்கு உண்டா? உண்டெனின், விடையிறுக்கும் கடமை சபையாருக்கு உண்டா? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் வரலாற்றில் அவை வெவ்வேறு வழியே சென்றுள்ளன. அவ்வழிகளை ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். அந்நாட்டிலே பொதுப் பாடசாலைகள் பெரும்பாலும் அவ்வவ்வூர் மக்கள் தெரிந்தெடுத்த சபைகளின் பொறுப்பிலேயே இருந்து வந்தமை இதற்குக் காரணமாகும்.

மசசூசெற்ஸ் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய மிஷனரிமாரை இங்கு அனுப்பிய சங்கம், அம்மாநிலத்துப் பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. அம்மாநிலம் பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த காலத்திலேயே, 1647 இல், 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமித்தல் வேண்டும் எனவும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பாடசாலை ஒன்றை அமைத்தல் வேண்டும் எனவும் சட்டம் விதிக்கப்பட்டது. ஊர்க் கருமங்கள் ஊர்க் கூட்டத்திலே தீர்மானிக்கப்பட்டன. வாக்குரிமை பெற்ற ஆடவர் ஒன்றுகூடிச் செலவையும் வரியையும் விவாதித்து முடிவு செய்தனர். பெண்களுக்கு அங்கு வாக்கு இல்லை. அக்குறை ஒருபுறமிருக்க, கூடியிருந்தோரே தீர்மானிப்போராகவும் இருந்தமையால், வினாவுரிமை என ஒன்றைத் தனியே வேண்டிநிற்க அவர்க்குத் தேவை எழவில்லை.

1780 இல் அம்மாநிலத்தார் தமக்கென ஓர் அரசியல் யாப்பை வகுத்தனர். அதன் உரிமைப் பிரகடனத்தின் 19 ஆம் உறுப்பு, அமைதியாகவும் ஒழுங்காகவும் கூடிப் பொதுநலம்பற்றிக் கலந்துரையாடவும், பிரதிநிதிகளுக்குப் பணிப்புரை வழங்கவும், குறைகளை எடுத்துரைக்கவும் மக்களுக்கு உரிமையுண்டு என உரைத்தது. பின்னர் 1826 ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் ஊரும் தனியாக ஒரு பாடசாலைக் குழுவைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என விதித்தது. கல்வி மேற்பார்வை இதனாற் சீர்பெற்றது. ஆயின், பாடசாலையைப் பொறுத்தவரையில் வினாவுவோர் ஒருபுறமும் முடிவு செய்வோர் மறுபுறமும் நிற்கும் நிலை உருவாயிற்று.

சபைகள் கதவடைத்துக் கூடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. கலிபோர்ணியாவில் உள்ளூர்ச் சபைகள் மறைவாகக் கூடி முடிவு செய்வதை 1952 இல் ஒரு செய்தித்தாள் தொடர் கட்டுரைகளால் வெளிப்படுத்தியது. அதன் பயனாக 1953 இல், சட்டசபை உறுப்பினர் றால்ப் பிறவுணின் பெயரால் வழங்கும் சட்டம் நிறைவேறியது. பாடசாலைச் சபை உட்பட உள்ளூர்ச் சபைகள் யாவும் பகிரங்கமாகவே கூடுதல் வேண்டும் என்பது விதி. எனினும் சபைமுன் பேசும் உரிமையை அச்சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்த்தது 1986 ஆம் ஆண்டுத் திருத்தமேயாகும். கதவு திறந்த பின்னரும் வாய் திறக்க 33 ஆண்டுகள் சென்றன.

ஆசிரியர் நிலை இன்னும் இக்கட்டானது; அவர் சபையின் ஊழியருமாவார், ஊரின் குடிமகனுமாவார். இல்லினோய் மாநிலத்தில் பிக்கரிங் என்னும் ஆசிரியர், சபை பணத்தைக் கையாண்ட முறையைக் கண்டித்துச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியமையாற் பதவி இழந்தார். அப்பதவி நீக்கம் செல்லாதென நாட்டின் உயர் நீதிமன்றம் 1968 இல் தீர்ப்பளித்தது. 1971 டிசம்பரில் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் மற்றொரு பிணக்கு எழுந்தது. சங்கத்திற் சேராத ஆசிரியர்களும் சங்கச் செலவுக்குப் பங்களித்தல் வேண்டும் என்னும் ஏற்பாட்டைப்பற்றிச் சபையும் ஆசிரியர் சங்கமும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சங்கத்திற் சேராத ஆசிரியர் ஒருவர் பொதுக் கூட்டத்தில் எழுந்து, அதனை நன்கு ஆராயும்வரை ஒத்திவைக்குமாறு வேண்டினார். அவரைப் பேசவிட்டது குற்றம் என மாநிலத் தொழில் ஆணைக்குழு தீர்மானித்தது. உயர் நீதிமன்றம் 1976 இல் அதனை மறுத்தது. பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில், ஒருவர் ஆசிரியர் என்பதற்காகவே குடிமகனுக்குரிய பேச்சுரிமையை இழந்துவிடார் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதுவரை கூறியவை பேசும் உரிமையின் வெற்றிகள். விடை பெறும் உரிமையோ வேறு கதி அடைந்தது. மினசோற்றா மாநிலக் கல்லூரி ஆசிரியர்கள் தொடர்பான வழக்கில், 1984 இல் அதே நீதிமன்றம், ஆட்சிப் பொறுப்புடையோர் தமக்குச் செவிசாய்த்தல் வேண்டும் எனக் கேட்கும் உரிமையை அரசியல் யாப்பு எவர்க்கும் அளிக்கவில்லை எனத் தீர்த்தது. எனவே வினாவுவோனுக்கு நேரம் ஒதுக்கிய சபை, அவன் கூறியதைக் கேட்டு வாளா இருப்பினும் அந்த யாப்பை மீறியதாகாது.

பேசும் தொனிபற்றிய பிணக்கு அண்மைக் காலத்தது. மசசூசெற்ஸ் மாநிலத்துச் சவுத்பறோ ஊரின் ஆட்சிக் குழு, தன் கூட்டத்திற் பேசுவோர் மரியாதையாகவே பேசுதல் வேண்டும் என விதி செய்திருந்தது. 2023 இல் மாநில உயர் நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. கூட்டம் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடைபெற வேண்டுமெனச் சபை கோரலாம்; பணிவுரையே வேண்டுமெனக் கோரலாகாது என்றது மன்றம். அதற்கு ஆதாரமாக நின்றது 1780 ஆம் ஆண்டின் அந்த 19 ஆம் உறுப்பே. பாடசாலைச் சபைபற்றிய வழக்காக இஃது எழவில்லையாயினும், இத்தீர்ப்பின் நியாயம் அத்தகைய சபைகளுக்கும் பொருந்தும்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கூட்டத்திற் புகும் உரிமை, பேசும் உரிமை, கடிந்து பேசும் உரிமை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்தாலும் தீர்ப்பாலும் உறுதிபெற்றன. விடை கூறுதலோ பெரிதும் சபையாரின் பண்புக்கே விடப்பட்டுள்ளது. அப்பண்பு இல்லாதவிடத்து அடுத்த தேர்தலே மக்களுக்கு எஞ்சிய வழி. வகுப்பிலே மாணவன் வினாவுதலை நாம் ஊக்குவிக்கின்றோம். வினாவைக் கேட்டும் விடை கூறாது பாடத்தைத் தொடரும் ஆசிரியரை நல்லாசிரியர் என எவரும் கொள்வதில்லை. பாடசாலையை நடத்தும் சபையையும் அந்த அளவுகோலால் அளத்தலே முறையாகும்.