லீஷ்மேனியாசிஸ் தடுப்பூசி

லீஷ்மேனியாசிஸ் தடுப்பூசி என்பது லீஷ்மேனியா என்னும் ஒருகல ஒட்டுண்ணியால் உண்டாகும் நோய்களைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டு வரும் மருந்து ஆகும். நாய்களுக்கான தடுப்பூசிகள் பிரேசிலிலும் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்துள்ளன. மனிதருக்கான தடுப்பூசிகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

நோய்

இவ்வொட்டுண்ணி பெண் மணல் ஈக்கள் கடிப்பதால் பரவுகிறது. தோலைத் தாக்கும் வகை, வாய், மூக்கு ஆகியவற்றின் சளிச்சவ்வைத் தாக்கும் வகை, உள்ளுறுப்புகளைத் தாக்கும் வகை என இந்நோய் மூவகைப்படும். உள்ளுறுப்பு வகை கருங்காய்ச்சல் அல்லது காலா அசார் எனப்படும். இதில் நெடுநாள் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை ஆகியவை தோன்றும். மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் இறப்பில் முடியும்.

வரலாறு

வில்லியம் லீஷ்மன், கல்கத்தாவை அடுத்த டம்டமில் பணியாற்றி இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் கண்ட நுண்ணுயிரி பற்றி 1903இல் எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டொனவன் அதனைத் தனியே கண்டறிந்தார். இருவர் பெயரையும் இணைத்து ரொனால்டு ராஸ் அதற்கு லீஷ்மேனியா டொனவானி எனப் பெயரிட்டார்.

மலேரியா ஒழிப்புக்காக டி.டி.டி. தெளிக்கப்பட்டபோது மணல் ஈக்களும் அழிந்ததால், 1950களிலும் 1960களிலும் இந்தியாவில் கருங்காய்ச்சல் மிகக் குறைந்தது. தெளிப்பு தளர்ந்த பின்னர், 1970களில் பீகாரில் மீண்டும் பெருமளவில் பரவியது.

தடுப்பூசியின் தேவை

வட்டார அளவில் 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்பதே இந்தியாவின் ஒழிப்பு இலக்கு ஆகும். 2010, 2015, 2017 ஆகிய இலக்காண்டுகள் தவறிய பின், 2023இல் இந்நிலை எட்டப்பட்டது. அதே ஆண்டில் வங்காளதேசம் இந்நோயை ஒழித்ததாக உலக சுகாதார அமைப்பு உறுதி செய்தது. எனினும் பின்வரும் காரணங்களால் தடுப்பூசி தேவைப்படுகிறது.

* நோய் குறையும்போது மக்களிடையே எதிர்ப்பாற்றல் உடையோரும் குறைகின்றனர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தால் நோய் திரும்பலாம்.
* இந்தியத் துணைக்கண்டத்தில் கருங்காய்ச்சலுக்கு மனிதரே ஒட்டுண்ணியின் உறைவிடம். குணமடைந்த சிலருக்குப் பின்னாளில் தோன்றும் தோல் புண்களிலிருந்தும் மணல் ஈக்கள் ஒட்டுண்ணியைப் பெறுகின்றன.
* ஆன்டிமனி மருந்துகள் பீகாரில் பயனற்றுப் போயின. புதிய மருந்துகளுக்கும் எதிர்ப்புத் தோன்றலாம்.
* எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு நோய் மீண்டும் மீண்டும் வருகிறது.

இலங்கையில் இதே ஒட்டுண்ணி இனம் பெரும்பாலும் தோல் நோயையே உண்டாக்குகிறது. உள்நாட்டில் தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். 2008 முதல் இது அறிவிக்கப்பட வேண்டிய நோயாக உள்ளது.

ஆய்வுகள்

ஒருமுறை நோயுற்று மீண்டவர் பெரும்பாலும் மறுமுறை நோயுறுவதில்லை. இதுவே தடுப்பூசி இயலும் என்பதற்கு வலுவான சான்று. உயிருள்ள ஒட்டுண்ணியைத் தோலில் செலுத்தும் லீஷ்மனேற்றம் என்னும் பழைய முறை சோவியத் ஒன்றியம், இசுரேல், ஈரான் ஆகிய நாடுகளில் கையாளப்பட்டது. ஆறாத புண்கள் சிலருக்கு உண்டானதால் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கொன்ற ஒட்டுண்ணிகளால் ஆன தடுப்பூசிகள் போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை. புரதங்களால் ஆன லீஷ் எஃப்1 தடுப்பூசி பீகாரின் முசாபர்பூரில் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. பிரித்தானியாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் உருவான, அடினோ வைரசு வழியே செலுத்தப்படும் தடுப்பூசி சூடானில் சோதிக்கப்பட்டது. சென்ட்ரின் என்னும் மரபணு நீக்கப்பட்டதால் உடலில் நீடித்துப் பெருக இயலாத ஒட்டுண்ணியும் ஆய்வில் உள்ளது. இது லீஷ்மனேற்றத்தின் பயனை அதன் தீங்கின்றிப் பெறும் முயற்சி ஆகும்.

தடைகள்

ஒட்டுண்ணி, தன்னை அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே வாழ்கிறது. ஆகவே எதிர்ப்பொருள் மட்டும் போதாது. டி உயிரணுக்களின் செயற்பாடு இன்றியமையாதது. நோயாளிகள் குறைந்துவிட்டதால் பெரிய அளவிலான களச் சோதனைகளை நடத்துவதும் கடினமாகியுள்ளது. மண் சுவர் வீடுகளில் வாழும் ஏழைகளையே இந்நோய் மிகுதியும் தாக்குவதால், மருந்து நிறுவனங்களுக்கு இதில் இலாபம் குறைவு. எனவே இவ்வாய்வுகள் பெரும்பாலும் அரசு நிதியையும் அறக்கட்டளைகளின் நிதியையுமே சார்ந்துள்ளன.