லாகூரில் ஒரு தீர்ப்பு

1997ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஓரிரவு, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை நான் முடித்துக்கொண்டிருந்த வேளையில் லாகூரிலிருந்து செய்தியொன்று வந்தது. வயதுவந்த முஸ்லிம் பெண் தன் தந்தையின் சம்மதமின்றித் திருமணம் செய்தாலும் அத்திருமணம் செல்லும் என லாகூர் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதனை ஒற்றைப் பத்தியில் சுருக்கிப் பிரசுரித்தேன். பிழை என்னுடையதே.

கல்லூரி ஆசிரியர் ஒருவரை 1996இல் மணந்த அப்பெண், குடும்பத்தாருக்கு அஞ்சி, சட்டத்தரணி அஸ்மா ஜஹாங்கீர் நடத்திவந்த 'தஸ்தக்' என்னும் புகலிடத்தில் தஞ்சமடைந்திருந்தார். உருது மொழியில் தஸ்தக் என்றால் கதவைத் தட்டுதல். தந்தை நீதிமன்றம் சென்றார். சட்ட அறிக்கைகளில் அவ்வழக்கு தந்தைக்கும் சட்டத்தரணிக்கும் இடையிலான வழக்காகவே பதிவாகியுள்ளது. யாருடைய வாழ்வு பற்றிய வழக்கோ, அவருடைய பெயர் தலைப்பில் இல்லை.

'வலீ' எனப்படும் பாதுகாவலரின் சம்மதம் நிக்காஹுக்கு இன்றியமையாததா என்பதே கேள்வி. இது எமக்கும் அந்நியமான கேள்வியன்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் ஷாபி மத்ஹபைச் சேர்ந்த பெண்ணுக்கு வலீயைக் கட்டாயமாக்கியது. ஹனபிப் பெண்ணுக்கு அவ்வாறு விதிக்கவில்லை. பாகிஸ்தானியரில் பெரும்பாலோர் ஹனபிகள். ஆயினும் மூன்று நீதிபதிகளுள் இருவரே பெண்ணின் பக்கம் நின்றனர். அவ்விருவருள் ஒருவரான கலீலுர் ரஹ்மான் ராம்தேயும், பெற்றோரின் அதிகாரத்தைக் காக்கவும் இரகசியக் காதலைத் தடுக்கவும் சட்டம் வேண்டுமெனச் சேர்த்தெழுதினார். மனமொப்பாமல் வழங்கிய சுதந்திரம் என்றே அதனை நான் வாசித்தேன்.

அச்சுதந்திரம் நீதிமன்ற வாசலுக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லும் என்பது 1999 ஏப்ரல் 6ஆம் திகதி தெரிந்தது. விவாகரத்துக் கோரித் தஸ்தக்கில் தங்கியிருந்த பெஷாவரைச் சேர்ந்த மற்றொரு பெண், அஸ்மாவின் சகோதரியான சட்டத்தரணி ஹினா ஜிலானியின் அலுவலகத்தில் தம் தாயைச் சந்திக்க இணங்கினார். தாய் ஓர் ஆடவருடன் வந்தார். தமக்கு நடக்கத் துணை வேண்டும் என்றார். துணைக்கு வந்தவர் துப்பாக்கியை எடுத்து மகளைச் சுட்டுக் கொன்றார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவ்வாண்டே கௌரவக் கொலைகளைக் கண்டிக்கும் பிரேரணையொன்று பாகிஸ்தான் செனற் சபையில் முடக்கப்பட்டது.

முதல் வழக்கின் மேன்முறையீடு உயர் நீதிமன்றத்தில் (தமிழக வாசகர்கள் உச்ச நீதிமன்றம் என்பர்) கிடந்தது. 2003 டிசம்பரில் அது தள்ளுபடியானது. திருமணம் செல்லும் என்ற தீர்ப்பு நிலைத்தது. அதற்குள் அத்திருமணத்திற்கு ஏழு வயதாகியிருந்தது.