பேச்சொலி அதிர்வெண் பெயர்ப்பு

பேச்சொலியின் அதிர்வெண்களை மேலோ கீழோ நகர்த்திக் கேட்கச் செய்து, காதும் மூளையும் அதை எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று அறியும் ஆய்வுமுறை. காது மெஷின், உள்காதில் மின்முனைகளைப் பதிக்கும் காக்லியர் இம்பிளான்ட் இரண்டின் வளர்ச்சியிலும் இதற்குப் பங்குண்டு.

உள்காதின் நத்தைச் சுருள் ஏறத்தாழ 35 மி.மீ. நீளம். அதன் வாயிற்பகுதி கீச்சொலிக்கும், உள்முனை கனத்த ஒலிக்கும் அதிர்கிறது. இம்பிளான்டின் மின்முனைகள் பெரும்பாலும் உள்முனை வரை எட்டாததால், பேச்சு சற்று மேலே பெயர்ந்தே நரம்பைச் சேரும். லண்டனில் ஸ்டூவர்ட் ரோசன் குழுவினர் (1999) நன்றாகக் காது கேட்பவர்களிடம் இதைப் பாவனையாகச் செய்து பார்த்தனர். நத்தைச் சுருளில் 6.5 மி.மீ. தள்ளி விழும் அளவுக்குப் பெயர்த்த பேச்சில் முதலில் நூற்றில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. 3 மணி நேரப் பயிற்சிக்குப்பின் ஏறத்தாழ 30 சொற்கள் புரிந்தன.

கீழ்நோக்கிய பெயர்ப்பு, கீச்சொலி கேளாதவர்களுக்கானது. சுவீடனின் பெர்டில் யோஹான்சன் 1960களில் இதை முயன்றார். மேல் அதிர்வெண்களை மட்டும் சுருக்கும் முறையை ஃபோனாக் நிறுவனம் 2008இல் காது மெஷினில் கொண்டுவந்தது.

கொங்குநாட்டுக்கு இது நெருக்கமான பொருள். பெருந்துறை வட்டத்துச் சென்னிமலை, பல்லடம், சோமனூர் பகுதிகளில் விசைத்தறி இரைச்சலிலேயே வாழ்நாளைக் கழிப்பவர்கள் பலர். இரைச்சலால் வரும் கேள்விக்குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என வரம்பு வைத்தாலும், வீட்டோடு ஒட்டிய சிறு தறிக்கூடங்கள் பல அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. “சத்தங் கேக்குதுங்க, என்ன சொல்றீங்கன்னுதான் வெளங்கல” என்பது இத்தகைய குறையின் இயல்பான அடையாளம். ‘ச’வின் சீறல் முதலில் நழுவும், ‘காசு’ என்றது ‘காது’ என்று விழலாம்.

இங்கே தமிழுக்கெனத் தனி அளவீடு வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லிறுதிச் சீறல் பன்மையைக் காட்டுகிறது. அது கேட்டதா என்பதே அங்கு முக்கியச் சோதனை. தமிழ்ப் பன்மை ‘கள்’ விகுதியில் இருக்கிறது. தமிழில் ல, ள, ழ வேறுபாடு பெரிது. ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெய்ல் கான் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிப்பைக் காந்த அதிர்வுப் படங்களோடு ஆய்ந்து 1999இல் வெளியிட்டனர். ழகரத்தில் மூன்றாம் ஒத்ததிர்வுப் பட்டை தாழ்ந்து நிற்கும். சுருக்கம் தொடங்கும் அதிர்வெண்ணை மிகக் கீழே வைத்தால் அந்தப் பட்டையும் இடம் மாறும். ‘ச’வை மீட்கப்போய் ‘தலை’, ‘தளை’, ‘தழை’ கலங்கிவிடலாம். ஆகவே மெஷினை அமைப்பவர் இச்சொற்களையும் சொல்லிக் கேட்கவைத்தே அந்த அளவை முடிவு செய்ய வேண்டும்.