ஊற்றுகள் வற்றிய காலம்

ஹிஜ்ரீ 749-ஆம் ஆண்டில் தூனிஸ் நகரத்து மாணவர் ஒருவர் தம் தந்தையையும் தாயையும் ஒரே கொள்ளைநோயில் இழந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. இழப்பு வீட்டோடு நிற்கவில்லை. அவருக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர்களுள் பெரும்பாலோரையும் அதே நோய் கொண்டுபோயிற்று. அதற்குச் சற்று முன்னர், 1347-இல், மொராக்கோவின் மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றியபோது மேற்கு நாட்டு அறிஞர் கூட்டமொன்றைத் தம்முடன் அழைத்து வந்திருந்தார். கற்கும் ஆர்வமுள்ள ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய பேறு வேறென்ன? ஆனால் அந்த வாயில் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. நோய்க்குத் தப்பிய அறிஞரிலும் பலர், சுல்தான் தோல்வியுற்றுக் கடல் வழியே ஊர் திரும்பியபோது கப்பல்கள் உடைந்து மாண்டனர்.

அந்த மாணவரே இப்னு கல்தூன். வரலாற்றை ஓர் அறிவியலாக எழுத முயன்ற முதல் அறிஞர் என்று இன்று உலகம் போற்றும் பெருமகனார்.

அன்புக்குரியோர் மறைந்தால் அதைப் பாடுவது அரபு இலக்கியத்தில் தொன்மையான மரபு. மர்ஸியா என்ற தனி வகையே அதற்கென உண்டு. தமிழில் கையறுநிலை என்பது போல. இப்னு கல்தூன் கவிதையும் எழுதியவர்தாம். எனினும் தம் வாழ்க்கைக் குறிப்பில் பெற்றோர் மறைவைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறார். அத்துயரம் அவரிடம் வேறு வழியில் வெளிப்பட்டது. 1377-ஆம் ஆண்டில், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் ஒதுங்கியிருந்த காலத்தில், ஐந்தே மாதங்களில் ‘முகத்திமா’வின் முதல் வரைவை எழுதி முடித்தார். ஏன் இந்நூலை எழுத நேர்ந்தது என்பதற்கு அவர் கூறும் காரணங்களுள் ஒன்று அந்தக் கொள்ளைநோய். கிழக்கிலும் மேற்கிலும் மக்கட்கூட்டங்களை அது விழுங்கிற்று என்றும், ஏற்கெனவே மூப்படைந்திருந்த அரசுகளின் மீது அது வந்து விழுந்தது என்றும், உலகமே புதிதாய்ப் படைக்கப்பட்டாற்போல் நிலைமைகள் மாறிவிட்டபடியால் அதை எழுதிவைக்க ஒருவர் வேண்டும் என்றும் அவர் கருதினார். பெற்றோரை இழந்த இளைஞர், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, மனிதர் மடிந்தால் நாட்டிற்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியோடு பேனாவை எடுத்தார் என்று கொள்வது தவறாகாது.

அக்கேள்விக்கு அவர் தந்த விடைகளுள் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலாதது. செல்வம் என்பது மனித உழைப்பின் பயனே என்று கூறும் இடத்தில் அவர் நீரூற்றுகளைப் பற்றிப் பேசுகிறார். மக்கள் நீங்கிய நாட்டில் ஊற்றுகளும் ஓய்ந்துவிடுகின்றன. தோண்டுவதும் இறைப்பதும் மனிதர் செய்யும் வேலையாதலால், கறக்கப்படாத மடி வற்றுவதுபோல் அவையும் வற்றிவிடுகின்றன என்கிறார். நாம் பொதுவாக எதிர்மாறாகவே எண்ணுகிறோம். மனிதன் போய்விட்டால் இயற்கை தன் செழுமையை மீட்டுக்கொள்ளும், காடு திரும்பும், நீர் தெளியும் என்பது நம் கற்பனை. பல நூற்றாண்டுகளாக மனிதக் கை பட்டுப் பட்டே நீர் ஓடப் பழகிய நிலங்களில் நடப்பது வேறு. அங்கே மனிதனுக்குப் பின்னர் நீரும் சாகிறது. ஏரிக்கரையும் குடிமராமத்தும் அறிந்த நம் நாட்டு வாசகருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இனி, அந்த நோய் யாதென்று பார்ப்போம். இப்னு கல்தூன் அதைக் காற்றின் கேடு என்றே நம்பினார். மக்கள் நெருங்கி வாழும் கெய்ரோ, ஃபாஸ் போன்ற நகரங்களிலேயே அது மிகுதி என்பதைக் கண்டு, கட்டடங்களுக்கிடையே வெற்றிடம் விடவேண்டும் என்றும் எழுதினார். கண்டது சரி, காரணம் பிழை. உண்மைக் காரணம் 1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கண்ட நுண்கிருமி. எலியிலிருந்து மனிதனுக்கு அதைச் சுமந்து வருவது தெள்ளுப்பூச்சியே என்பதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதனையால் காட்டினார். பம்பாயைத் தாக்கிய பிளேக் இந்தியாவை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நோயின் உள்முறை வியப்பூட்டுவது. கிருமி தெள்ளின் உணவுப்பாதையை அடைத்துவிடுகிறது. குடித்த இரத்தம் உள்ளே போகாமையால் பசி தீராத பூச்சி மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிக்கும்போதெல்லாம் கிருமியைக் கக்குகிறது. எலிகள் மடிந்து தீர்ந்தபின் அது மனிதனை நாடுகிறது. ஆக, பேரரசுகளைச் சாய்த்த இந்நோயின் அடியில் இருப்பது, தானும் சாகப்போகும் ஒரு சிறு பூச்சியின் பட்டினி.

நோய் எங்கே பிறந்தது? ஹலப் நகரத்துப் புலவர் இப்னுல் வர்தீ, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இருள் நாட்டில் அது தோன்றியதாக எழுதிவிட்டு, 1349 மார்ச்சில் அதே நோய்க்குத் தாமும் இரையானார். கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகேயுள்ள பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில், 1338-39-ஆம் ஆண்டுக் கற்கள் சிலவற்றில் கொள்ளைநோயால் இறந்தோர் என்ற குறிப்பு சிரியாக் மொழியில் உண்டு. அங்கே புதைக்கப்பட்டோரின் பற்களில் அதே கிருமியின் மரபுக்கூறுகள் இருந்தன என்பதை 2022-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். புலவரின் கணக்கு ஆண்டளவில் அதற்கு நெருங்கியே வருகிறது. ஆயினும் அவர் எழுதியது மகாமா என்னும் அணிநடை இலக்கியம். அதை வைத்து நோயின் பயணத்துக்குப் படம் வரையக் கூடாது என்று அண்மைக்கால அறிஞர் எச்சரிப்பதும் நியாயமே.

படம் வரைய வேண்டுமாயின் பயணி ஒருவரே நமக்குத் துணை. இப்னு பதூதா 1348 கோடையில் சிரியாவில் இருந்தார். திமிஷ்க் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, இரவெல்லாம் பெரிய பள்ளிவாசலில் தொழுது, விடிந்ததும் குர்ஆனைக் கையிலேந்தி வெறுங்காலோடு நகர்ப்புறத்துப் பள்ளிவாசலை நோக்கி நடந்ததை அவர் கண்டார். யூதர் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர் இன்ஜீலோடும் உடன் நடந்தனர். பெண்களும் குழந்தைகளும் அழுதுகொண்டே சென்றனர். அதன்பின் நோய் தணிந்தது என்பது அவர் கூற்று. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, மதுரையில் சுல்தான் கியாஸுத்தீனின் ஆட்சியின்போது, நோயுற்றோர் இரண்டு மூன்று நாள்களில் இறந்துபடும் ஒரு கொள்ளைநோயை அவர் பார்த்திருக்கிறார். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் அதில் மாண்டனர். அது இதே நோய்தான் என்று சொல்லத் தக்க சான்று இல்லை. இரண்டையும் இணைத்து எழுதுவோர் அவசரப்படுகின்றனர். பல்லாண்டு ஊர்சுற்றித் தாய்நாடு திரும்பிய பயணிக்கு, வழியில் தாஸா என்ற ஊரில் செய்தி காத்திருந்தது. அவருடைய தாயும் கொள்ளைநோயில் காலமாகிவிட்டார்.

திமிஷ்க் ஊர்வலத்தை நினைக்கும்போது இன்னோர் ஏடும் நினைவுக்கு வருகிறது. ஹதீஸ் கலைக் கடலான இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ கொள்ளைநோய்களில் தம் புதல்வியர் மூவரைப் பறிகொடுத்தவர். அந்நோயைப் பற்றி அவர் எழுதிய தனி நூலில், ஹிஜ்ரீ 833-இல் (1430) கெய்ரோவில் தம் கண்முன் நடந்ததைப் பதிவு செய்கிறார். மூன்று நாள் நோன்பிருந்து மக்கள் கூட்டமாகப் பாலைவெளிக்குச் சென்று பிரார்த்தித்தனர். போவதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாக இருந்த சாவு, அம்மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைக் கடந்தது. தொற்று என்ற கொள்கையை அவர் ஏற்றவரல்லர். ஆனால் எண்ணிக்கையை மறைக்கவில்லை; இத்தகைய கூட்டத்துக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்பதையும் அஞ்சாமல் எழுதினார். இதற்கும் முன்னரே கிரானடாவின் அமைச்சர் இப்னுல் கதீப், துணியாலும் பாத்திரத்தாலும் நோய் பரவுவதும், கப்பல் வந்திறங்கிய துறைமுகத்தில் தோன்றுவதும், ஒதுங்கி வாழ்வோர் தப்புவதும் கண்கூடு என்று வாதிட்டிருந்தார். கண்ணால் கண்டதற்கு முரணாகத் தோன்றும் அறிவிப்புக்கு வேறு விளக்கம் தேடவேண்டும் என்பது அவர் நிலை. 1374-இல் ஃபாஸ் சிறையில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். அது அரசியல் பகையின் விளைவு. கொள்ளைநோய் நூலுக்காகக் கொன்றனர் என்று எழுதுவது மிகை.

இனி எகிப்துக்கு வருவோம். ஊற்றுகள் வற்றும் என்ற கூற்றின் முழுப்பொருளும் நைல் கரையில்தான் விளங்கும். 1347 இலையுதிர் காலத்தில் அலெக்சாண்டிரியாவில் இறங்கிய நோய், அடுத்த ஆண்டு கெய்ரோவை அடைந்தது. உழுதவர் ஏர்க்காலிலேயே விழுந்ததையும், மீனவர் வலையோடு மடிந்ததையும், விளைந்த பயிர் அறுப்பாரின்றி நின்றதையும் பின்னாளில் மக்ரீஸீ எழுதினார். போர்வீரர்க்கு அளிக்கப்பட்ட நிலமானியம், பெற்றவர் இறந்து இறந்து, சில நாள்களுக்குள் ஏழெட்டுக் கைகள் மாறியதாகவும் அவர் கூறுகிறார்.

பிணங்கள் அடக்கமானபின் தொடங்கியது இரண்டாவது அழிவு. எகிப்தின் வேளாண்மை, நைலின் ஆண்டு வெள்ளத்தைக் கரைகட்டித் தேக்கி, வண்டல் படியவைத்து, உரிய நாளில் வடித்துவிடும் முறையைச் சார்ந்தது. பெருங்கரைகள் சுல்தானின் பொறுப்பு, சிறு கரைகள் அந்தந்த ஊர் மானியதாரரின் பொறுப்பு. ஆண்டுதோறும் மண் வெட்டி உயர்த்தாவிடில் கரை உடையும், வாய்க்கால் தூர்ந்துபோகும். வெட்டுவதற்கு ஆள் எங்கே? கெய்ரோவில் அமர்ந்து வரி வாங்கிய அமீர்கள், பத்துப் பேர் செலுத்தியதை எஞ்சிய ஐவரிடம் கேட்டனர். ஐவரில் இருவர் ஊரைவிட்டு ஓடினர். கரை மேலும் கவனிப்பாரற்றுப் போயிற்று. வெள்ளம் நன்றாக வந்த ஆண்டிலும் ஒரு நிலம் காய்ந்தது, மற்றொன்று சதுப்பாயிற்று. மேலை எகிப்தில் உழுநிலங்கள் சில மேய்ச்சலுக்கு வந்த பதவீ குலத்தார் கைக்குப் போயின. நோயோ ஒருமுறை வந்து ஓய்ந்ததன்று. தலைமுறைக்குப் பன்முறை திரும்பி வந்தது.

இதே நோயில் மக்களை இழந்த இங்கிலாந்தில் கூலி உயர்ந்தது. 1351-இல் அரசு சட்டமியற்றித் தடுத்துப் பார்த்தும் நாளடைவில் அது பலிக்கவில்லை. அங்கே உழவன் மழையை நம்பினான், எகிப்தியன் கரையை நம்பினான் என்பது வேறுபாட்டுக்கு ஒரு காரணம். மம்லூக் அமீர்களின் பிடி இறுகியது மற்றொன்று. எது பெரிதென்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர்.

கெய்ரோவில் சுல்தான் ஹஸன் பள்ளிவாசலைக் காண்போர் மயங்கி நிற்பர். 1356-இல் கட்டத் தொடங்கிய அம்மாபெரும் கட்டடத்திற்குச் செலவான பொருளில் ஒரு பங்கு, கொள்ளைநோயில் வாரிசின்றி இறந்தோர் சொத்து என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கட்டி முடியுமுன்னர் 1361-இல் சுல்தான் கொலையுண்டார். உடல் கிடைக்கவேயில்லை. அவருக்கென எழுப்பிய குவிமாடத்தின் கீழ் அவர் இல்லை.

இந்த கெய்ரோவுக்குத்தான் இப்னு கல்தூன் தம் ஐம்பதாம் வயதில் வந்து சேர்ந்தார். நகரின் சிறப்பைக் கண்டு வியந்து எழுதினார். வறண்டுகொண்டிருந்த வாய்க்கால்கள் மதிலுக்கு வெளியேயிருந்தன. 1384-இல் மாலிக்கீ மத்ஹபின் காழியானார். அதே ஆண்டில் தூனிஸிலிருந்து அவருடைய குடும்பத்தாரை ஏற்றிவந்த கப்பல் அலெக்சாண்டிரியாவை நெருங்குகையில் உடைந்து, மனைவியும் மக்களும் கடலில் மூழ்கினர். கொள்ளைநோயில் தொடங்கிய கணக்கில் கடலும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. அதன் பின்னரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் தம் நூலைத் திருத்திக்கொண்டும் கூட்டிக்கொண்டும் இருந்தார்.

அவர் இறுதி நாள்களில் நைல் வெள்ளம் பொய்த்து, ஹிஜ்ரீ 806-இல் கடும்பஞ்சம் வந்தது. அவரிடம் பாடம் கேட்ட மக்ரீஸீ அப்பஞ்சத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நதியின் குறை ஒருபுறமிருக்க, பதவிகள் விலைக்கு விற்கப்பட்டதும், நிலக்குத்தகை தாங்கவொண்ணாமல் ஏறியதும், செப்புக்காசு பெருகியதுமே பஞ்சத்தை இவ்வளவு கொடிதாக்கின என்று அதில் காட்டினார். ஆசானின் கேள்வியை மாணவர் நைலிடம் கேட்டுப் பார்த்ததே அந்நூல்.

1406 மார்ச்சில் இப்னு கல்தூன் வபாத்தானார். பாபுன் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூஃபிகளின் மையவாடியில் அவரை அடக்கம் செய்தனர். அந்தக் கப்ரு எவ்விடத்தில் என்று இன்று அடையாளம் காட்டுவார் எவருமிலர்.