வயல் வரப்பிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை

“படித்து என்ன ஆவாய்?” என்று கேட்டால், “டாக்டர் ஆவேன்” என்று நம் தெருப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்வதை இன்று கேட்கிறோம். அவ்விடை நமக்கு வியப்பளிக்கவில்லை என்பதே பெரியதொரு மாறுதல். அந்தச் சொல் நம் பிள்ளையின் நாவுக்கு வந்து சேர எத்தனை தலைமுறை ஆயிற்று, எந்தெந்தக் கதவுகள் திறந்தன, எவை மீண்டும் சாத்தப்பட்டன என்பதைச் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் அறிதல் நலம். வரலாறு அறியாதவன் தான் பெற்றதைப் பிறர் இட்ட பிச்சை என்று எண்ணுவான். அறிந்தவனோ, அதைத் தன் முன்னோர் பொருதிப் பெற்ற உரிமையென உணர்வான்.

களஞ்சியமும் கூலியும்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். காண வருவோர் அதன் செங்கல் வேலையை வியந்து செல்கின்றனர். அதை நிரப்பிய நெல்லை நட்டவர் யார், அறுத்தவர் யார், களத்தில் அடித்துத் தூற்றியவர் யார் என்று கேட்போர் சிலரே.

காவிரியின் கிளைகள் பாயும் இவ்வளநாட்டில் நம் முன்னோருட் பலர் பண்ணையாட்களாக வாழ்ந்தனர். பண்ணையாள் வெறும் கூலிக்காரன் அல்லன். அவன் குடியிருந்த மனை மிராசுதாரருடையது. அவன் வாங்கிய கடன் அவன் மகனையும் கட்டியது. பிள்ளை நடக்கத் தெரிந்ததும் மாடு மேய்க்கப் போயிற்று. எதிர்த்துப் பேசியவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. ஏட்டைத் தொட வேண்டிய வயதில் சாட்டையைக் கண்டு அஞ்சிய பிள்ளைக்கு, மருத்துவக் கல்லூரி என்ற சொல்லே எட்டாத தொலைவில் இருந்தது.

இந்நிலை தானாக மாறவில்லை. 1940களில் விவசாயிகள் சங்கம் கீழத்தஞ்சையில் வேரூன்றியது. பி. சீனிவாசராவ் போன்றோர் நம் மக்களிடையே தங்கி, அடித்தால் திருப்பிக் கேட்கும் துணிவை ஊட்டினர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அதன் மறு ஆண்டில் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. மனைக்கும் மருத்துவப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். “நாளைக்கே வீட்டைக் காலி செய்” என்ற சொல்லுக்கு அஞ்ச வேண்டாத தகப்பனே, தன் மகளை வயலுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப முடியும். இதுவே தொடர்பு.

பள்ளியும் விடுதியும்

கல்வியின் வாயிலும் இவ்வாறே சிறிது சிறிதாகத் திறந்தது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனார் கோயிலுக்குள் செல்ல ஏங்கிய ஊரில், அவர் பெயராலேயே நம் பிள்ளைகளுக்குப் பள்ளி எழுந்தது. சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளில் பள்ளிகளைத் திறந்தது. அப்பணி 1949இல் அரிசன நலத்துறையிடம் சென்றது. இன்று ஆதிதிராவிடர் நலத்துறை அதை நடத்துகிறது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்தபோது, 1944இல், பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை தொடங்கிற்று. 1956இல் காமராசர் மதிய உணவைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். சோறும் விடுதியும் உதவித்தொகையும் சேர்ந்தபோதுதான் நம் பிள்ளை உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பைக் கண்டது.

மருத்துவம் நமக்குப் புதிதும் அன்று. நம் சமுதாயத்தின் முன்னோடிச் சிந்தனையாளரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவராகத் தொழில் செய்தவர். சுவடியும் மூலிகையும் அறிந்த அவரே, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். நாடி பிடிக்கும் அறிவு நம்மிடம் இருந்தது. அதைக் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெறும் வழியே நமக்கு இல்லாதிருந்தது.

இடத்துக்காக நடந்த வழக்கு

1928இல் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்த வகுப்புவாரி ஆணை, அரசுப் பணியிடங்கள் 12இல் ஒன்றை நமக்கு அளித்தது. பின்னர் மருத்துவ, பொறியியற் கல்லூரி இடங்கள் 14இல் 2 நமக்கென ஒதுக்கப்பட்டன. குடியரசு மலர்ந்த 1950ஆம் ஆண்டிலேயே இதற்கு இடையூறு நேர்ந்தது. செண்பகம் துரைராசன் என்பவர், இவ்வாணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று உயர் நீதிமன்றம் சென்றார். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆயினும் ஆணை செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தமிழ்நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் அதன் முன்னணியில் நின்றார். அவ்வாண்டிலேயே அரசியலமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இன்று மருத்துவக் கல்லூரியில் நமக்குள்ள ஒவ்வோர் இடமும் அப்பிரிவின் நிழலில் நிற்பது.

1950களின் இறுதியில் தஞ்சையிலேயே மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதுவரை சென்னைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டியிருந்த மாணவருக்கு, பாபநாசத்திலிருந்து இரயிலேறிப் போய்வரும் தொலைவில் கல்லூரி அமைந்தது. 1971இல் நம் ஒதுக்கீடு 18 விழுக்காடாயிற்று.

கொள்ளிடத்துக்கு அப்பால் ஒரு மாணவி

கதவுகள் திறந்தே இருக்கும் என்று எண்ணிவிடுதல் தவறு. 1984இல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு புகுந்தது. தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத சிற்றூர்ப் பிள்ளைகள் பின்தங்கினர். 2007இல் தமிழ்நாடு அத்தேர்வை ஒழித்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017இல் ‘நீட்’ என்னும் அனைத்திந்தியத் தேர்வு அந்த அளவுகோலை மாற்றியது.

நம் வட்டத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால், அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் பிறந்தவர் அனிதா. இளவயதில் தாயை இழந்தவர். தந்தை திருச்சி காந்தி சந்தையில் மூட்டை சுமந்தவர். அவ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றார். பழைய முறைப்படி மருத்துவச் சேர்க்கைக்கான அவர் மதிப்பெண் 200க்கு 196.75. அதே மாணவி நீட் தேர்வில் 720க்கு 86 பெற்றார். ஒரே அறிவு, இரண்டு அளவுகோல்கள். அவர் வாளாவிருக்கவில்லை, உச்ச நீதிமன்ற வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டு டில்லி வரை சென்றார். 1951இல் ஒரு மாணவியின் பெயரால் நம் இடம் போயிற்று. 2017இல் நம் மாணவி ஒருவர் அதே நீதிமன்றத்தின் படியேறி நியாயம் கேட்டார். 2017 ஆகஸ்டு 22ஆம் நாள், நீட் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்த நீதிமன்றம் பணித்தது. செப்டம்பர் 1ஆம் நாள் தம் 17ஆம் வயதில் அனிதா தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த இழப்புக்கு ஈடில்லை. இளைஞர்களே, ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். எந்தத் தேர்வும் உங்கள் உயிரினும் பெரிதன்று. அனிதா கேட்ட கேள்வியைத் தொடர்ந்து கேட்க நீங்கள் வாழ வேண்டும். மனம் தளரும்போது வீட்டாரிடமோ ஆசிரியரிடமோ சங்கத்தாரிடமோ வாய் திறந்து சொல்லுங்கள்.

2020இல் தமிழ்நாடு அரசு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் இயற்றியது. அவ்வழியிற் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பதாகவும் அறிவித்தது. பூட்டிய கதவின் ஓரத்தில் திறந்த சிறு வாயில் இது. ஆறாம் வகுப்பில் எப்பள்ளியிற் சேர்ப்பது என்று முடிவு செய்யும்போதே பெற்றோர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

இவ்வரலாற்றில் நாம் காணும் உண்மை ஒன்றே. எக்காலத்தும் நம் பிள்ளையின் குறுக்கே நின்றது அறிவுக் குறைவன்று, பூட்டுத்தான். சாட்டை, மனை, கட்டணம், தேர்வு எனப் பூட்டின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு பூட்டையும் திறந்தது தனியொருவர் திறமை மட்டுமன்று. கூடி நின்றவர்களின் முயற்சியும் சட்டமும் ஆகும்.

ஆதலால் சங்கத்தின் கடமை பரிசளிப்பு விழாவோடு முடிவதில்லை. சாதிச் சான்றிதழ் காலத்தில் கிடைக்கிறதா, உதவித்தொகை விண்ணப்பம் உரிய நாளில் போயிற்றா, மாலையில் படிக்க ஓர் இடமும் விளக்கும் உண்டா, தேர்வுக்குச் சொல்லித்தர மூத்த மாணவர் ஒருவர் உண்டா என்று வீடுதோறும் கேட்பதே இனி நம் பணி. மருத்துவர் பட்டம் மட்டுமே மருத்துவத் தொழில் அன்று என்பதையும் நினைவில் வைப்போம். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகிய அனைவரும் நோயுற்றோர்க்கு வேண்டியவரே.

படித்துப் பட்டம் பெறும் நம் பிள்ளைகளிடம் சங்கம் எதிர்பார்ப்பது ஒன்றுண்டு. நடவு நட்டு முதுகு கூனிய கிழவி ஒருத்தி மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது, “உட்காருங்கள் அம்மா” என்று சொல்லும் குரல் ஒன்று அங்கே இருக்க வேண்டும். அக்குரல் நம் தெருவிலிருந்து போனதாக இருக்கட்டும்.