கல்வராயன் மலையில் காணி தேடியபோது

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியமர்வது என்பது கல்லூரி ஆசிரியர் அறைகளில் அலுக்காத பேச்சு. ஒருவர் குற்றாலம் என்பார். ஒருவர் காவிரிக்கரையில் ஒரு சிற்றூர் என்பார். இன்னொருவர் ஏற்காடு என்று தொடங்கி அங்கு மனை விற்கும் விலையைக் கேட்டதும் வாய் மூடிக்கொள்வார். நம் மனத்தில் நெடுங்காலம் குடியிருந்தது கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து மேலேறினால், கரியாலூரும் வெள்ளிமலையும் வந்துவிடும். வெயிலுக்குப் பேர்போன நாட்டில் இப்படியொரு குளிர்ந்த காற்று. கூட்டம் இல்லை. சாமை விளையும் சரிவுகள், கடுக்காய் மரங்கள், மழைக்காலத்தில் அருவிகள். வேறென்ன வேண்டும் மனிதனுக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் இருவருடன் ஒரு துண்டு நிலம் பார்க்கவே மலையேறினோம். உடன் வந்த தரகர் ஒரு சரிவைக் காட்டி, "சும்மாக் கெடக்கற பூமிங்க சார். பத்திரம் எல்லாம் பாத்துக்கலாம்" என்றார். இறங்கும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் தேநீர் அருந்தியபோது, அந்தச் சரிவைப் பற்றி அங்கிருந்த முதியவரிடம் கேட்டோம். "அது எங்க பாட்டன் சாமை வெதச்ச கொல்லைங்க. இப்ப ஆறப் போட்டிருக்குது" என்றார். "சும்மாக் கிடப்பது" என்பதற்கும் "ஆறப் போட்டிருப்பது" என்பதற்கும் இடையிலுள்ள தொலைவுதான் இந்த மலையின் வரலாறு என்பது நமக்கு அன்று தெரியாது. நூல்களைப் புரட்டிய பிறகே தெரிந்தது.

வாழிடம் தேடி இந்த வட்டாரத்துக்கு வந்தவர்களில் நாம் பெயர் அறிந்த மூத்தவர் கபிலர். தமக்காக அவர் வாழிடம் தேடவில்லை. பறம்பு வீழ்ந்து பாரி மாண்டபின், ஆதரவற்று நின்ற அவன் மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இருவரும் ஏற்கவில்லை. மலையமானின் தலைநகரான திருக்கோவலூரில் அவர் நடை முடிந்தது. கபிலர் வடக்கிருந்து உயிர் துறந்ததாகப் புறநானூறு வழிச் செய்தி கூறுகிறது. திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்கிறது. அவர் உயிர் நீத்த இடமாகச் சொல்லப்படும் கபிலக்கல், தென்பெண்ணை ஆற்றில் ஒரு பாறையாக இன்றும் நிற்கிறது. 2019 முதல் அவ்வூர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. சங்ககாலத்துக்கும் இராசராசனுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தும் ஊர் அந்தச் செய்தியை மறக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களின் நினைவை இந்த நாடு எளிதில் விடுவதில்லை போலும்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரமும் பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் கொண்டவை. இதன் ஒரு பகுதி சேலம் மாவட்டத்திலும் மற்றொரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கும். இங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ். தங்களைக் காராளர் என்றும் மலைக்கவுண்டர் என்றும் சொல்லிக்கொள்வர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரைக் கொண்ட இவர்களே தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையில் பெரியவர்கள்.

இவர்களும் வந்தேறிய வரலாற்றையே தம் வரலாறாகச் சொல்கிறார்கள் என்பது வியப்புக்குரியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் அந்தக் கதையின் சில வடிவங்கள் பதிவாகியுள்ளன. காஞ்சியில் இருந்த கரியராமன் என்ற தெய்வத்துக்கு அங்கு இருப்புக் கொள்ளவில்லையாம். அது புதிய இருப்பிடம் தேடிப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு அதன் பின்னால் புறப்பட்டனராம். முகமதியர் ஆட்சிக் காலத்தில் காஞ்சியை விட்டு வந்ததாகச் சொல்லும் வடிவமும் உண்டு. மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனதாக ஒரு வடிவம் கூறும். ஆளும் மலையும் மாறிவரும் வடிவங்களும் உள்ளன. காஞ்சி என்ற ஊர் மட்டும் மாறுவதில்லை.

கோயிலைப் பார்த்துக் குடியேறுவது நம்மவர் வழக்கம். இந்தக் கதையில் கோயிலே முதலில் இடம் பெயர்கிறது, குடி பின்தொடர்கிறது. ஊரை விட்டு ஓட நேர்ந்தவர்கள், "நாங்கள் ஓடவில்லை, எங்கள் சாமி முன்னே நடந்தது, நாங்கள் பின்னே நடந்தோம்" என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு துயரமும் எவ்வளவு மானமும் கலந்திருக்கின்றன!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தென்னார்க்காடு மாவட்டத்து மலையாளிகளைப் பற்றி மற்றொரு செய்தியையும் தர்ஸ்டன் குறிக்கிறார். இவர்கள் வந்தபோது மலையில் வேடர்கள் இருந்தார்களாம். வந்தவர்கள் வேடரில் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டார்களாம். அதன் அடையாளமாகத் திருமண வேளையில் வானை நோக்கித் துப்பாக்கி வெடிக்கும் வழக்கம் அவர் காலத்தில் இருந்தது. இறந்துபட்ட வேடக் கணவனை அந்த வெடி குறிக்கிறதாம்.

இது நடந்த வரலாறா, வெறும் வாய்மொழியா என்பதைத் தீர்ப்பது அரிது. நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. வெற்றி பெற்றவர்கள் பொதுவாகத் தாம் வந்தபோது இடம் காலியாக இருந்தது என்றே எழுதிக்கொள்வர். இந்த மக்களோ, தமக்கு முன்பு ஒருவன் இங்கு இருந்தான் என்பதைத் தம் மங்கலச் சடங்கிலேயே பொதிந்து வைத்திருந்தார்கள். எந்த நாகரிகச் சமுதாயம் தன் திருமணப் பந்தலில் இதைச் செய்யும்?

பிற்காலத்தில் மலை ஜாகிர்களின் ஆட்சியில் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்கள் இருந்தன. மலைமக்கள் வரி செலுத்தியது ஜாகிர்தார்களுக்கே. அண்டையிலுள்ள சேர்வராயன் மலையின் கதை வேறு. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் அங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். வெள்ளையருக்கு அந்த மலை பிடித்துப்போயிற்று. தோட்டங்களும் மாளிகைகளும் எழுந்தன. ஏற்காடு கோடை வாசத்தலம் ஆயிற்று. கனவு இல்லம் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அங்கு கனவு இல்லங்கள் கட்டப்பட்டுவிட்டன. அந்தச் சரிவுகளில் முன்பு பயிரிட்ட மலையாளிகளின் கதையை, அங்கு கோடை கழிக்கச் செல்லும் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கல்வராயன் மலைக்கு அந்தக் கதி நேரவில்லை. அதற்கு மலைக்காய்ச்சலும் ஒரு காரணம், ஜாகிர் முறையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அப்படித் தப்பியதற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் 1963இல் தமிழகத்தில் இயற்றப்பட்டது. ஆயினும் கல்வராயன் மலை ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். நிலத்தை அளந்து, கணக்கெழுதி, பட்டா கொடுக்கும் வேலை சமவெளியில் தலைமுறைகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. மலையிலோ அதன் பிறகே தொடங்கியது. பாட்டன் உழுத நிலம் என்பதற்குக் காட்டுவதற்கு இவர்களிடம் நினைவு இருந்ததே தவிரக் காகிதம் இல்லை. மலைச்சரிவில் ஆண்டுதோறும் ஒரே கொல்லையில் விதைத்தால் மண் சலித்துவிடும். ஆகவே சில ஆண்டுகள் ஆறப் போட்டு வேறிடத்தில் விதைப்பர். அளக்க வருகின்ற சமவெளிக் கண்ணுக்கு ஆறுகின்ற நிலம் தரிசாகவும் காடாகவும் தெரியும். தரகரின் கண்ணுக்குச் சும்மாக் கிடப்பதாகத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் நிலையாகக் குடியமரவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. நம் போன்றோர் கனவு காண்பதற்கு அடிப்படையே அந்த உரிமைதான். ஆனால் அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, பட்டியல் பழங்குடியினரின் நலனைக் காக்கும் பொருட்டு அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. குடியமரும் உரிமையை எழுதிய கைகளே, ஏற்கெனவே குடியிருப்பவனையும் நினைத்துப் பார்த்திருக்கின்றன. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிக் காப்பளிக்கும் ஐந்தாம் அட்டவணையின்கீழ்த் தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். காட்டில் பயிரிட்டு வாழ்ந்த பழங்குடியினருக்கு 2005 டிசம்பர் 13 வரையிலான அனுபவத்தை வைத்து உரிமை வழங்க 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. நினைவுக்கும் காகிதத்துக்கும் இடையிலான பழைய வழக்கில் நினைவின் பக்கம் நின்று எழுதப்பட்ட சட்டம் அது.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கல்வராயன் மலையின் பெயரும் நாடெங்கும் அடிபட்டது. அதைத் தொடர்ந்து, மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நமக்கு அருவியும் குளிர்காற்றும் தெரிந்த இடத்தில் நீதிமன்றத்துக்குத் தெரிந்தவை சாலையும் மருத்துவமும் பள்ளியும் போதாத ஊர்கள். இரண்டு காட்சியும் உண்மையே. ஆனால் குடியேற நினைப்பவன் முதற்காட்சியை மட்டும் பார்த்துவிட்டுப் பத்திரம் எழுதப் புறப்படுகிறான்.

திருக்குறளில் நாடு என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. வாழத்தக்க இடம் எது என்ற கேள்விக்கு வள்ளுவர் விளைச்சலையும் நீரையும் மட்டும் விடையாகத் தரவில்லை. அங்குள்ள மனிதரையும் சேர்த்தே எண்ணுகிறார். நாமோ இடத்தைத் தேர்ந்துவிட்டு, மனிதரைக் காட்சிக்குள் வந்துபோகும் நிழல்களாகக் கருதிவிடுகிறோம்.

நாம் அந்த நிலத்தை வாங்கவில்லை. அதைத் தியாகமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறனுடைய கொல்லையை வாங்காமல் இருப்பது சாதாரண நாணயம். மலைக்கு இன்றும் போகிறோம். கரியாலூரில் ஓரிரவு தங்கித் திரும்புவோம். அந்த முதியவரின் கொல்லையில் சென்ற முறை சாமை கதிர் வாங்கியிருந்தது. ஆற வேண்டிய காலம் ஆறி முடிந்து, நிலம் மீண்டும் விளைந்திருந்தது. கபிலர் கோவலூரில் தேடியது வேறொருவர் வாழ்வதற்கான இடத்தை. நம் தேடலில் அந்த நினைப்பு ஒரு பங்காவது இருக்குமானால், குடியமர நமக்கும் ஓர் ஊர் கிடைக்காமல் போகாது.